வாடிய பாத்திக்கு ஊற்றிய குடங்கள்

தினக்காலண்டரில் தேதி பார்க்கும் அளவுக்குத்தான் எனக்கு எழுத்து. ஆனால் மல்லிகை என்றால், தாடிக்கொம்புப் பக்கம் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பதியன் வைப்பார்கள். அதனால்தான் அந்தப் பெண்ணும் திண்டுக்கல் டவுனிலிருந்து ஸ்கூட்டியில் என்னைத் தேடி வந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். கழித்த தண்ணீரில் வெள்ளாமை செய்வதுதான் அவள் ஆராய்ச்சி.

எங்கள் தெருவில் ஆறு வீட்டுக் குளித்த தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் அவள் போட்ட குழாய் வழியாக என் தோட்டத்து மூலைக்கு வந்தன. அங்கே ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய தொட்டி. அதன்மேல் கல்வாழை நட்டாள். ஒரு பக்கம் நுரையோடு இறங்கியது மறுபக்கம் தெளிந்து வந்தது. அள்ளி மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊரு அழுக்கெல்லாம் ஒன் பூவுக்கா மதினி? எவ தலையில வைப்பா?"

"மொத மொழம் ஒனக்குத்தேன்" என்றேன்.

இரண்டு பாத்தி. ஒன்றுக்கு அந்தத் தண்ணீர், மற்றதற்கு ஆழ்துளைப் போர் தண்ணீர் மட்டும். இரண்டு மண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை.

சித்திரை வெயிலில் போர் வற்றி, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. போர் பாத்தி தலை தொங்கிவிட்டது.

"வாடட்டும் பெரியம்மா. எம்புட்டு வாடுதுன்னு நான் பாக்கணும். கை வச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்துப் பாத்தி பச்சைப்பசேலென்று நிற்கிறது, இது நாக்கு வறண்டு கிடக்கிறது. ஒரே பந்தியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இலை போடாமல் இருப்பேனா? விடியலில் பூப் பறிக்கப் போகும்போது கல்வாழைத் தொட்டித் தண்ணீரையே குடத்தில் மொண்டு ஊற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. என் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நான் யாரைக் கேட்கவேண்டும்?

ஆனி மாதம் வந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். போர் பாத்தி மண்ணிலும் சோப்பு உப்பு ஏறியிருக்கிறதாம்.

"எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் பெரியம்மா. ரெண்டு வருச வேலை. திரும்ப மொதல்லருந்து செய்யக் காலேஜ்ல விடுவாங்களான்னு தெரியல."

கண்ணுக்குத் தெரியாத உப்பு. நான் ஊற்றியதை மண் அவளிடம் சொல்லிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் தன்னையே நொந்துகொள்வதுதான் தாங்கவில்லை.

"தப்பு ஒன்னோடது இல்ல தாயி. நாந்தேன் ஊத்துனேன்."

கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவளோ நோட்டைத் திறந்தாள்.

"எம்புட்டு ஊத்துனீங்க? என்னைக்கு?"

பூ விற்கிறவளுக்கு நாள் மறக்குமா? காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "இந்த முகூர்த்தத்துக்கு மொத நா மூணு கொடம். அமாவாசைக்கு ரெண்டு. வைகாசி விசாகத்துக்கு நாலு..."

மண்ணுக்குள் புதைத்திருந்த கருவி ஈரத்தைத் தானே குறித்துக்கொண்டிருந்ததாம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு படுத்துக்கொண்டே போய், அங்கங்கே எழுந்தது. நான் சொன்ன நாளிலெல்லாம் எழுந்திருந்தது.

"கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு இந்த மேட்டையெல்லாம் ஒதுக்கி வச்சிருந்தேன். இங்க ஒண்ணு இருக்கே, இந்தச் செவ்வாக்கிழமை?"

யோசித்தேன். நாத்தனார் மகளின் வளைகாப்பு. நான் மறந்த இரண்டு குடத்தையும் மண் மறக்கவில்லை. அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இம்புட்டுத் தண்ணிக்கு இம்புட்டு உப்பு ஏறுதுன்னு இத வச்சுச் சொல்லலாம் பெரியம்மா. போருக்கு வேற பாத்தி போட்டு ஒரு வெயில் காலம் பாக்கணும். கேட்டா விடுவாங்க." முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஊத்துனது நாந்தேன்னும் எழுது."

"எழுதுறேன். புதுப் பாத்திக்கு ஊத்த மாட்டீங்கள்ல?"

"அது வாடுறப்ப நான் அந்தப் பக்கமே வரல. நீயே பூப் பறிச்சுக்க."