பின் சீட்டுக்கு அடியில்

அவரை எல்லோரும் டிங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கிய கதவையும் துருப்பிடித்த மட்கார்டையும் தட்டிச் சரிசெய்வது அவர் தொழில். அவர் கை பட்ட வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேச்சு. அதைக் கேட்க அவருக்கும் பிடிக்கும்.

பழைய கார் விற்பவர் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பின் சீட்டுக்கு அடியில் தரைத் தகடு துருவேறி இற்றுப்போயிருந்தது.

"வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும்" என்றார் டிங்கர்.

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. மேலாக்க முடிச்சுக் குடுங்க."

டிங்கர் பிஸ்கட் டின்னை வெட்டி ஓட்டைமேல் ஒட்டினார். பட்டி பூசி, தார் அடித்து, ரப்பர் மேட்டைப் போட்டு மூடினார். அரை நாள் வேலை. வாங்கப்போவது யாரோ ஒருவர்தானே.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கார் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. தங்கை இறங்கினாள், அவள் புருஷன் இறங்கினான். பிள்ளைகள் இரண்டும் பின் சீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றன.

"உங்ககிட்ட கேட்டா இப்ப வேணாம்பீங்க. அதான் சொல்லல மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "நீங்க வேலை பாத்த வண்டின்னு சொன்னாங்க. அதுக்கு மேல என்ன விசாரிக்கறது?"

பெரியவள் சீட்டில் குதித்தாள். "குதிக்காதம்மா" என்று டிங்கர் போட்ட அதட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்தவர், வீடு திரும்பும்வரை பாதத்தைத் தரையில் அழுத்தவே இல்லை.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். "பிரேக்க ஒரு தடவ பாத்துடறேன். வண்டிய விட்டுட்டுப் போங்க." காதும் காதும் வைத்தமாதிரி சரிசெய்து கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் வண்டியோடு பட்டறைக்கு வந்த மாப்பிள்ளை, "இன்னிக்கு லீவு போட்டுட்டேன், கூடவே இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கைப்பிடிவரை இறங்கியது. டின்னைப் பெயர்த்து எடுத்ததும் ஓட்டை வழியே பட்டறைத் தரை தெரிந்தது.

மாப்பிள்ளை எழுந்துவிட்டான். "எவன் செஞ்சது மச்சான் இது? உங்க பேரச் சொல்லி ஏமாத்திட்டானுங்க. வாங்க, நேர்ல போய்க் கேப்போம்."

சும்மா இருந்திருந்தாலே தப்பித்திருக்கலாம். டிங்கர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"நான்தான் செஞ்சேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். நம்ம வீட்டுக்கு வரும்னு தெரியாது."

"வேற வீட்டுக்குப் போயிருந்தா?"

மாப்பிள்ளை கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். டிங்கர் தகடு வெட்டும் கத்தரியை எடுத்தார்.

இற்றுப்போனதை எல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க இரண்டு நாள் ஆனது. மாப்பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கையிடம் அவன் இன்றுவரை மூச்சு விடவில்லை. அவள் அண்ணன் பெருமையைப் பேசும்போதெல்லாம் டிங்கர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

டின் ஒட்டும் வேலையை அவர் அதோடு விட்டார். கார் விற்பவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். முன்பு அப்படி மூடிக் கொடுத்த வண்டிகள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தார். பதினொன்றுவரை வந்ததும் நிறுத்திவிட்டார். அவை யார் வீட்டில் நிற்கின்றன என்று கேட்கப்போனபோது, கார் விற்பவர் சிரித்து அனுப்பிவிட்டார். இப்போதெல்லாம் சிக்னலில் பழைய கார் ஏதாவது பக்கத்தில் வந்து நின்றால், பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை.