கணுக்காலைச் சுற்றிய நூல்

எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சிதான் பரம எதிரி. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அம்மா வாரம் தவறாமல் கட்டிலையும் பெஞ்சையும் வெயிலில் போட்டு, சந்துகளில் கொதிநீர் ஊற்றுவாள். கொல்லைச் சாக்கடையில் கொசு மொய்த்துக் கிடக்கும். அதை யார் சட்டை செய்தார்கள்?

சுவருக்குக் கொசு மருந்தடிக்க வந்தவரை அம்மா வாசலிலேயே மடக்கினாள். "போன வருஷம் அடிச்சீங்களே, ஒரு மூட்டைப்பூச்சியாவது செத்துச்சா? அதுவே சாகலை, கொசு சாகுமா? வேற வீட்டைப் பாருங்க."

"மூட்டைப்பூச்சி கடிச்சா அரிப்போட போச்சும்மா. யானைக்காலைக் கொண்டு வர்றது கொசுதான்" என்று அவர் கெஞ்சிக்கூடப் பார்த்தார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த ஐப்பசியில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. எதிர்வீட்டு அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். இப்போது அவள் கால் செருப்புக்குள் நுழையாது, வரனும் வாசல் ஏறாது. காய்ச்சல் விட்டதும் கணுக்காலை நூலால் அளந்து, அளவுக்கு முடிச்சுப் போட்டு ஒளித்து வைத்தேன். தினமும் அளப்பேன். நெறியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

தை மாதம் மன்னார்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம். "கொஞ்சம் நடந்து காட்டும்மா. புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நடந்தேன். நின்றேன். அப்போது பார்த்து ஒரு கொசு என் கணுக்காலில் உட்கார்ந்தது. பாழாய்ப் போன கொசு! எல்லார் கண்ணும் என் காலில். அடிக்கவா முடியும்? அது குடித்துவிட்டுப் பறந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பாதத்தில் இறங்கியது. அவர் சொறிந்துகொண்டார். நெறி கட்டியதைச் சொல்லிவிட வாய்வரை வந்தது; விழுங்கிவிட்டேன்.

"பெஞ்சுல ஒரு மூட்டைப்பூச்சி இல்லை. சுத்தமான வீடு. எங்களுக்குச் சம்மதங்க" என்று அவருடைய அம்மா எழுந்தார். என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணமான பிறகும் நான் அளப்பதை விடவில்லை. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது, இன்னொரு நூலில் முடிச்சுப் போட்டு அவர் கணுக்காலையும் அளப்பேன். என் கால் வீங்கவே இல்லை. நாலாவது வருஷம் ஒரு நாள், அவர் காலைச் சுற்றிய நூல் முடிச்சுவரை எட்டவில்லை. மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். எட்டவில்லை.

அவர் கண் விழித்தார். "என்ன பண்றே?"

நூலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். "கொசு உக்காந்திருந்துச்சுங்க" என்றேன்.