இடக்கைச் சுற்று

“பன்னெண்டாவது படிச்சிட்டா மூளை வந்துடுமா? இங்க கை ஓடுனா போதும்மா.”

விழுப்புரத்தில் ரேடியோவுக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றித் தரும் பட்டறையில் எங்கள் சூப்பர்வைசர் சொன்னது இது. சோதனை மீட்டரைப் பார்க்க நானும் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை.

கறுப்பு ஃபெரைட் வளையத்தின் ஓட்டைக்குள் செப்புக் கம்பியை நுழைத்து நுழைத்துச் சுற்றுவதுதான் வேலை. முழு நீளத்தையும் ஒவ்வொரு முறையும் இழுத்தால் சிக்கு விழும். அதனால் கம்பியின் நடுவில் தொடங்கி ஒருத்தி பாதி வளையத்தைச் சுற்றுவாள். அடுத்தவள் வளையத்தைப் புரட்டிப் பிடித்து, மறுமுனையால் மீதியைச் சுற்றுவாள்.

வளவனூர் அக்கா ஒருவர் எனக்கு ஜோடியாக வந்தார். அன்றிலிருந்து எங்கள் காயில் மட்டும் மீட்டரில் முள்ளை அசைக்காமல் செத்துக் கிடந்தது. சுற்றும் குறையவில்லை, கம்பியும் அறுபடவில்லை. பிரித்துச் சுற்றினாலும் அதே கதைதான்.

அக்கா இடக்கைக்காரர். வளையத்தைப் புரட்டாமலே அவருக்குக் கை வாகாக ஓடியது. அதைக் கவனித்த பிறகுதான் இயற்பியல் பாடம் ஞாபகம் வந்தது. சுற்றும் திசை மாறினால் காந்தப்புலமும் திசை மாறும். என் பாதியை அவர் பாதி தின்றுகொண்டிருந்தது.

“சார், அக்கா வளையத்தைப் பொரட்டிப் புடிச்சா சரியாயிடுங்க.”

“பாடம் எடுக்காத. பீச்சாங்கைய வச்சிக்கினு பேஜாரு பண்ணுது அந்தம்மா. சோத்தாங்கையால சுத்தச் சொல்லு. இல்லன்னா திங்கக்கெழமேலருந்து வர வேணாம்.”

அக்காவை வளையத்தைப் புரட்டிச் சுற்றச் சொல்லி, அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். மீட்டரில் வைக்கவே மாட்டேன் என்றார் அவர். வலக்கையில் அக்கா பிடித்த கம்பியெல்லாம் முறுக்கிக்கொண்டது.

“சோத்தாங்கையால துன்னச் சொல்லியே எங்கம்மா அடிச்சி ஓஞ்சிபோச்சி. இவுரு வந்துட்டாரு” என்று சிரித்தார் அக்கா. கண் சிரிக்கவில்லை.

முதலாளி இருப்பது திண்டிவனத்தில். ரேடியோ பூட்டும் இடமும் அங்கேதான். அங்கேயும் மீட்டர் உண்டு. சனிக்கிழமை வேலை முடிந்ததும், அக்கா புரட்டிச் சுற்றியது ஒன்று, புரட்டாமல் சுற்றியது ஒன்று, இரண்டையும் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டேன். அக்காவையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் முறைக்க முறைக்க, டிக்கெட்டை அக்கா இடக்கையை நீட்டித்தான் வாங்கினார்.