கண்ணாடி துடைத்தவனின் குரல்

பஸ் டிரைவருக்கு வாய்த்த மைத்துனன் கயிற்றில் தொங்கிப் பிழைத்தவன். உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, மாடிக்கு மாடி ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்பது அவன் வேலை. இடுப்பில் பெல்ட், உட்கார ஒரு சின்னப் பலகை, பக்கத்தில் ஆடும் வாளி, கையில் ரப்பர் பட்டை வைத்த வைப்பர். அவனுக்குப் ‘பல்லி’ என்று பெயர் வைத்ததே டிரைவர்தான். பெயர் சுவரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டது. வேலையிடத்திலும் பல்லி, தெருவிலும் பல்லி. அக்கா மட்டும் ‘தம்பி’ என்பாள். கோபம் வந்தால் அவளுக்கும் பல்லிதான்.

அந்த அக்கா டிரைவரின் மனைவி. முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். “தம்பி ஊர்க் கண்ணாடியெல்லாம் பளபளன்னு தொடச்சு வைக்கிறான், அக்கா அத்தனைக்கும் திரை போட்டு மூடுறா. நல்ல குடும்பத்துல வந்து மாட்டுனேன்யா” என்று டிரைவர் டிப்போவில் சொல்லிச் சிரிப்பார். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், கல்யாணமாகி வரும்போது அவள் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தம்பியுமாகத்தான் வந்தாள். அப்போது அவனுக்கு அரை டிக்கெட் வயது. டிரைவரின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்த பையன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டான்.

ஆள் உயர்ந்தும் குரல் மட்டும் உடையவில்லை. அக்காவுக்குச் செய்த தொண்டையையே மிச்சம் பிடித்துத் தம்பிக்கும் வைத்து அனுப்பியது போல, மெல்லிசாக, கடைசியில் கொஞ்சம் இழுக்கும் குரல். போனில் பேசினால் எதிர்ப்பக்கம் “சொல்லுங்க மேடம்” என்பார்கள். வீட்டில் டிரைவரே ஏமாந்துபோவார். சமையலறையிலிருந்து “என்னங்க” என்று கூப்பிட்டால் பாதி நாள் அது மைத்துனனாக இருக்கும். இவர் எழுந்து போய் நிற்பார். அவன் தட்டை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

வீட்டில் இத்தனை வாயடிப்பவன் வெளியில் வாயே திறக்க மாட்டான். யாராவது வீடியோ எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வான். அதனால்தானோ என்னவோ அவனுக்குக் கண்ணாடி பிடித்திருந்தது. அந்தக் கட்டடங்களின் ஜன்னல்கள் திறக்கவே திறக்காதவை. உள்ளே இருப்பவர்களுக்கு அவன் ஒரு முகம், இரண்டு கை, ஒரு சிரிப்பு; அவ்வளவுதான்.

சாயங்காலங்களில் அவன் வந்து சொல்லும் கதைகளுக்காக அக்கா மெஷினை நிறுத்திவிடுவாள். காலி நாற்காலியின் முன் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பழகும் ஒரு பெரிய அதிகாரி. பிளாஸ்டிக் செடிக்குத் தினமும் நம்பிக்கையோடு தண்ணீர் ஊற்றும் ஒரு கிழவர். மேகம் தாழ்ந்த காலைகளில் கண்ணாடிக்குள்ளும் மேகம், முதுகுக்குப் பின்னாலும் மேகம், நடுவில் எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பது. “பயமா இருக்காதாடா?” என்பாள் அக்கா. “தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்க்கா” என்பான்.

அப்புறம் ஒரு நாள் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி கதைக்குள் வந்தாள்.

வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கும் அலுவலகம் அது. வரிசை வரிசையாக மேஜைகள், காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் குச்சி மைக். ஜன்னலோர மேஜை அவளுடையது. யாரோ அவளைப் போனில் வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தபோது பல்லி வெளியே இறங்கியிருக்கிறான். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, கண்ணாடியில் சோப்பு நுரையைத் தடவி விரலால் ‘சாப்டாச்சா’ என்று எழுதினான். உள்ளிருந்து பார்த்தவளுக்கு எல்லா எழுத்தும் திரும்பித் தெரிந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, புகார் சொன்னவரை மறந்து சிரித்துவிட்டாள்.

அன்று இரவே அவன் ஒரு தாளில் எழுத்துகளைத் திருப்பி எழுதி, பீரோ கண்ணாடியில் காட்டிக் காட்டிப் பழகினான். அடுத்த முறை அவளுக்கு நேராகத் தெரிந்தது. ‘ஆச்சு’ என்று அவள் தலையாட்டினாள்.

அப்படியே நாள் போயிற்று. ஒரு நாள் அவள் கீழே கையைக் காட்டி, டீ குடிப்பது போல் சைகை செய்தாள். இவன் வாளியைக் காட்டி, கயிற்றைக் காட்டி, என்னென்னவோ காட்டித் தப்பித்து வந்துவிட்டான்.

“ஏன் மாப்ளே, போக வேண்டியதுதானே?” என்றார் டிரைவர்.

“கீழ போனா பேசணுமே மாமா.”

“பேசுறதுக்கென்ன?”

“அவங்க நாள் பூரா குரல் கேக்கறவங்க. என் குரலக் கேட்டா அடுத்த புகார் என் மேலதான்.”

அதன் பிறகு குளியலறையிலிருந்து விசித்திரமான சத்தங்கள் வரத் தொடங்கின. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனமான ஆண் குரலில், “வணக்கம்ங்க... டீயா, காபியா?” அக்கா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். “டேய், உள்ள யாருடா அது?” டிரைவர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

டீ குடிக்க அவன் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கட்டிலில் சாய்ந்தான். அக்கா மெஷினில் ஒரு நீண்ட வெள்ளைத் திரையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்து அவனை எழுப்பினாள். அவன் எழவில்லை. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்க வேண்டும், யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இத்தனை வருஷம் கயிறு அறுந்துவிடுமோ, காற்று தள்ளிவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவன் தரையிலிருந்து முழங்கால் உயரக் கட்டிலில் போனான் என்பதை நம்பவே முடியவில்லை. கல்யாணமாகாத, இன்னும் மீசையைத் தடவித் தடவி வளர்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

அதற்குப் பிறகு அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அழுதாள், சமைத்தாள், தைத்தாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். துணி கொடுக்க வந்தவர்களிடம் அளவைக் கையால் காட்டினாள். துக்கம், தானாகச் சரியாகும் என்றார்கள். டிரைவர் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அவருக்கும் பேச்சு வற்றியது. அவருடைய பஸ் அந்த ஹெட்போன் பெண்ணின் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். சிக்னலில் நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பார். கண்ணாடிச் சுவரில் வானம் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு முறை அவருக்குக் கனவு வந்தது: மழையில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார், முன் கண்ணாடிக்கு வெளியே மைத்துனன் பலகையில் உட்கார்ந்து சாவகாசமாகத் துடைத்துக்கொண்டே கூட வருகிறான், உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. “சத்தமா சொல்லு மாப்ளே” என்று கத்திக்கொண்டே விழித்தார். பக்கத்தில் மனைவி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம், பல்லியோடு கயிற்றில் இறங்கும் கூட்டாளி ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தான். அவள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலில் வேறொரு ஆள் இறங்கியதைப் பார்த்திருக்கிறாள். ‘அவர் எங்கே’ என்று சைகையில் கேட்டிருக்கிறாள். புது ஆளுக்குப் புரியவில்லை. வேலை முடிந்ததும் கீழே வந்து, அவர்கள் கயிறுகளை வேனில் ஏற்றும் இடத்தில் காத்து நின்றிருக்கிறாள். கூட்டாளிதான் விஷயத்தைச் சொன்னான்.

அக்கா நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் டம்ளரைத் தொடாமல் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஏதேதோ சொன்னார். அவன் அரை டிக்கெட்டாக வந்தது, பல்லி என்று பெயர் வைத்தது. அவள் சிரிக்கவும் செய்தாள்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் கடைசியில். “தப்பா எடுத்துக்காதீங்க. அவரு குரல் எப்படி இருக்கும்?”

டிரைவர் வாயைத் திறந்தார். மெல்லிசாக என்று சொல்லலாம், இழுத்தாற்போல என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவன் குரலாக இல்லை. போனில் பதிந்தது ஒரு வார்த்தை கிடையாது. அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்படித்தான்மா இருக்கும்” என்றாள்.

பழகாத கதவு திறப்பது போல முதல் சொல் கரகரத்தது. அடுத்தது தெளிவாக வந்தது. “என் குரல் மாதிரியேதான். போன்ல எங்க ரெண்டு பேரையும் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. கண்ண மூடிக்கோ. மூடிக்கிட்டுக் கேளு.”

அந்தப் பெண் கண்களை மூடினாள். பழக்கத்தில் கை தானாகக் காதுப்பக்கம் போயிற்று.

“சாப்டாச்சா?” என்றாள் அக்கா, கடைசியில் அந்தச் சின்ன இழுப்போடு. “உங்களுக்கென்ன, ஏசியில இருக்கீங்க. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. டீ வேணான்னு இல்லங்க... பயம். குளிக்கிறப்பெல்லாம் தடியா பேசிப் பழகுனேன். எங்கக்கா கதவ ஒடைக்காத குறை.”

மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து நீர் இறங்கியது. கூட்டாளி வாசல் பக்கம் திரும்பி நின்றான்.  டிரைவருக்குக் கட்டிலைப் பார்க்க வேண்டும் போலவும் பார்க்கக் கூடாது போலவும் இருந்தது.

அக்கா நிறுத்தவில்லை. பிறகு தம்பியாக இல்லாமல் அக்காவாகவே பேசினாள். அவன் பிறந்தது, பல் விழுந்தது, முதல் சம்பளத்தில் தனக்குக் கத்தரிக்கோல் வாங்கித் தந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து சுவரேறும்வரை பேசினாள். பேச்சின் நடுவே புருஷன் பக்கம் திரும்பி, “வாயத் தொறந்தா அவன்தாங்க வர்றான். அதான் தொறக்கல” என்றாள். அவர் தலையாட்டினார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் தனக்கு இது உறைக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் அதன் பிறகு அவ்வப்போது வந்தாள். பின்னர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது அக்காவிடம்தான். “நல்லாப் பேசுவாராடி?” என்று கேட்டுவிட்டு அக்கா தானே சிரித்தாள். இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் வரும். எண்ணெய் விலை, தலைவலி, துணியில் வைக்கும் மடிப்பு என்று அக்கா மூச்சுவிடாமல் பேசுவாள். எதிர்ப்பக்கம் அதிகம் பேச்சு இருக்காது.

வேலைக்குப் போகாத நாட்களில் டிரைவர் அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். யார் பேசுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் தெரியாது. தெரிந்துகொள்ள அவரும் அவசரப்பட மாட்டார். அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வரும். அவர்தான் எழுந்து போய் அணைப்பார்.