சங்குமுகம் உணவு வண்டியும் சரிவுப்பாதையில் போட்ட ஸ்டூல்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவர் ராஜனும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வந்தோம். ராஜன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான். எங்களைப் போல நாற்காலியோடு ஊர் சுற்ற நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வலைப்பக்கத்தை எழுதுகிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

பயணத்துக்குக் காரணம் இரண்டு. கடைக்குச் சில உதிரி பாகங்கள் அங்குள்ள ‘சாலை’ என்னும் கடைத்தெருவில் வாங்க வேண்டும். இன்னொன்று, சங்குமுகம் கடற்கரையில் நிற்கும் ஓர் உணவு வண்டி. அதன் மரச்சீனிக் கிழங்கும் சிப்பி வறுவலும் ராஜனின் போனில் ஒரு மாதமாக வந்துகொண்டே இருந்தன. வீடியோவில் ஆவி பறக்கும், பின்னால் சூரியன் கடலில் இறங்கும். "ஒரு நாள் அங்க உக்காந்து திங்கணும் செல்வி, சூரியன் எறங்குத நேரத்துல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இலவச விளம்பரம் ஆகிவிடும்.

எங்களுடையது கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும்படி மாற்றிய சின்ன கார். ராஜன்தான் ஓட்டுவார். பகல் ஒரு மணிக்குக் கிளம்பி மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனோம். எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் பாலராமபுரம் நெரிசலோடு சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. சாலைக் கடைத்தெருவுக்குள் நாற்காலியை உருட்ட முடியாது, சுமை வண்டிகள் விடாது. அதனால் கடைக்காரருக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டோம். திருநெல்வேலிக்காரரான அவர் சாமான்களை ஒரு தட்டில் பரப்பிக் கொண்டுவந்து கார் ஜன்னலில் காட்டினார். ராஜன் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். இந்த ஏற்பாடு நன்றாக இருந்தது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து கிழக்கேகோட்டை வழியாகச் சங்குமுகம் ஏழு கிலோமீட்டர். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கார் நிறுத்த இருபது ரூபாய்.

இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் கார் நிறுத்திய பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் கடலை மறைக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள நடைமேடையில் ஏற வேண்டும். அது முழங்கால் உயரம். மற்றவர்களுக்கு இரண்டு படி. நாற்காலிக்காரர்களுக்கு ஒரே ஒரு சரிவுப்பாதை, இரண்டு பக்கமும் கம்பி போட்டு, தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து, ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவுப்பாதையை ஒட்டித்தான் உணவு வண்டி நின்றது. பாதை முழுக்க அவர்களுடைய ஸ்டூல்கள். அடிவாரத்தில் ஜெனரேட்டர். தரையில் வரைந்த படத்தின் மேல் குப்பைக்கூடை.

அந்த ஸ்டூல்களில் ஐ.டி. கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க நாலைந்து இளைஞர்களும் பெண்களும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியின் ஜன்னலுக்குப் போனேன். முதலாளிக்கு முப்பது வயது இருக்கும், தலையில் சிவப்புத் தொப்பி. தமிழும் மலையாளமும் கலந்து நன்றாகவே பேசினார்.

"அந்த ஸ்டூலையும் ஜெனரேட்டரையும் கொஞ்சம் மாற்றித் தர முடியுமா? நாற்காலி ஏறணும்" என்றேன்.

எட்டி ராஜனைப் பார்த்தார். "அதுக்கென்ன சேச்சி, ஆளுங்க சாப்பிட்டுத் தீரட்டும். நீங்க ஆர்டர் சொல்லுங்க. அவருக்கு எரிவு கம்மியா மதியோ?" காரம் குறைவாக இருந்தால் போதுமா என்று என்னிடம் கேட்கிறார்.

ராஜன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். "எரிவு எனக்கு எவ்வளவும் ஆவும். எங்கிட்டயே கேக்கலாம்" என்றார். தொப்பிக்காரர் சிரித்தார், ஆனால் மறுபடி என்னைத்தான் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் காது கேட்காது என்று இந்த உலகத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

காத்திருந்தோம். உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்தார்கள். அந்த ஸ்டூல்களில் வேறு இரண்டு பேரை அவரே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மறுபடி போய்க் கேட்டேன். இந்த முறை குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அதற்கு அவர் சொன்னது இது: "சேச்சி எதுக்கு டென்ஷன் ஆகிறது? நாலு பேரை விளிக்கிறேன். சேட்டனை நாற்காலியோட தூக்கி மேல வச்சிரலாம். ரெண்டு மினிட்டு வேல."

வரிசையில் நின்ற இரண்டு பேர் உடனே முன்னால் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருவர் சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டார். ராஜன் நாற்காலியைச் சடாரென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "என்னைத் தொடாண்டாம்."

இதை இங்கே வெளிப்படையாக எழுத ராஜன் சம்மதித்திருக்கிறார். அவருக்குச் சிறுநீர் குழாய் வழியாகப் பையில் இறங்குகிறது. போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படித்தான் நாலு பேர் அன்போடு தூக்கினார்கள். ஒருவர் கை குழாயில் மாட்டி இழுத்துவிட்டது. ரத்தம், காய்ச்சல், ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நனைந்த வேட்டியோடு அவரைக் கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. தூக்க வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?

தொப்பிக்காரருக்கு முகம் மாறிவிட்டது. உதவியை மறுத்ததால் தப்பு எங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைத்தார் போல. உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். "இதைக் கார்ல வச்சு சாப்பிடுங்க. காசு வேண்டாம்."

நான் கத்தியே விட்டேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. பிச்சைக்கா வந்தோம் என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. ராஜன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நீ சும்மா இரி" என்று சொல்லிவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு நேராக ஜன்னலுக்கு அடியில் போனார். வரிசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் போட்டார்.

"எனக்கு ஓசிச் சாப்பாடு வேண்டாம். அந்த வழி மாத்திரம் வேணும். கிடைக்குதது வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

யாரும் ஜன்னலை நெருங்க முடியவில்லை. வரிசை நீண்டது. ஒரு நடுவயதுக்காரர் என்னிடம், "ஒரு ஆளுக்காக இத்தனை பேர் நிக்கணுமா?" என்று தமிழிலேயே கேட்டார். எங்களைத் தவிர வேறு யாரையும் அவர் குறை சொல்லவில்லை. சிலர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். தொப்பிக்காரர் ராஜனின் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார். குழம்பு ராஜனின் தோளில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

அப்போது சரிவுப்பாதையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தட்டோடு எழுந்தாள். பெயர் அஞ்சனா என்று பிறகு தெரிந்துகொண்டேன். நண்பர்களிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். அவர்கள் முணுமுணுத்தபடி எழுந்தார்கள். அவளே ஸ்டூல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள், குப்பைக்கூடையையும் நகர்த்தினாள். பிறகு ஜன்னலுக்கு வந்து, "சேட்டா, இனி ஜெனரேட்டர் மாத்ரமே உள்ளூ. மாற்றித் தரூ" என்று ஜெனரேட்டரை நகர்த்தச் சொன்னாள். எங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதானோ என்னவோ, என்னைப் பார்த்து, "நாங்க படத்தைப் பார்க்கவே இல்ல, சேச்சி. மேல குப்பைக்கூடை இருந்தது" என்றாள்.

தொப்பிக்காரர் இறங்கி வந்தார். ஜெனரேட்டரை இழுத்து வண்டிக்குப் பின்னால் வைத்தார். அதற்குச் சக்கரம் இருந்தது! ஒரு கையால் இழுக்கிற பொருள் அது. அதற்காக எங்களை முக்கால் மணி நேரம் நிற்கவைத்திருந்தார்.

ராஜன் ஏறினார். நான் பின்னால் கைவைக்கவில்லை, அவருக்கு அது பிடிக்காது. மேலே போய்ச் சேர்ந்தபோது சூரியன் இல்லை. கடலுக்கு மேல் கொஞ்சம் சிவப்பு இருந்தது, அவ்வளவுதான். "செரி, கடல் இருக்குல்லா" என்றார். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். தோளில் இருந்த குழம்பை அப்போதுதான் துடைத்துவிட்டேன்.

திரும்பினால், சரிவுப்பாதையில் மறுபடி ஸ்டூல்கள். வேறு ஆட்கள், வேறு தட்டுகள். மேலே ஒரு மனிதர் ஏறியிருக்கிறார், அவர் இறங்கியாக வேண்டும் என்பதுகூட அந்த வண்டிக்காரருக்குத் தோன்றவில்லை.

"இனி ஒருத்தன்கிட்டயும் கேக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு ராஜன் நாற்காலியைச் சரிவின் உச்சியில் நிறுத்தினார். "வழி" என்று ஒரே ஒரு சத்தம். சக்கரங்களை விட்டார்.

சக்கர வளையத்தை உள்ளங்கையால் அழுத்தி, வேகத்தை அடக்கிக்கொண்டுதான் அவர் வருகிறார் என்று எனக்குத் தெரியும். ஸ்டூலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தட்டும் கையுமாக இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒரு ஸ்டூல் உருண்டு வண்டியின் அடியில் போய்விட்டது. கீழே வந்து, ஒருவர் மேலும் இடிக்காமல், சரிவின் அடிவாரத்தில் நாற்காலியைக் குறுக்காகத் திருப்பிப் பிரேக் போட்டார்.

"ரெண்டு பிளேட் மரச்சீனி, சிப்பி" என்றார் தொப்பிக்காரரிடம். "எரிவு கூட்டியே போடணும். நான் இங்கன உக்காந்து சாப்பிடுவேன்."

தட்டு வந்தது. ஒரு தட்டு நூற்று எண்பது ரூபாய், கொடுத்தோம். ருசியை மறைக்க எனக்கு மனமில்லை: சிப்பி பிரமாதம். அதுதான் எரிச்சல். நான் நின்றுகொண்டும், ராஜன் அந்த அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டும், ஒவ்வொரு துண்டாக ஒரு மணி நேரம் சாப்பிட்டோம். அவ்வளவு நேரமும் சரிவுப்பாதையில் ஒருவரும் ஸ்டூல் போடவில்லை. ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். ராஜன் பிரேக்கை விடுவித்து நகர்ந்து வழிவிட்டு, மறுபடி வந்து நின்றுகொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காரில் போனால் சரிவுப்பாதைக்குப் பக்கத்திலேயே நிறுத்த முடியும். காலை நேரத்தில் உணவு வண்டிகள் இருப்பதில்லை என்று வாகன நிறுத்தத்தில் சொன்னார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்துக்கு முன்பே போய்விடுங்கள், வாக்குவாதத்துக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை வாசலில் ஒரு படி இருக்கிறது, எங்களால் நுழைய முடியவில்லை. சிறுநீர்ப்பையைக் காருக்குள் வைத்தே காலி செய்துகொண்டோம். மாநகராட்சிக்குப் படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இதே பக்கத்தில் சேர்க்கிறேன்.

கூட இருப்பவர்களுக்கும் ஒன்று. நாற்காலியில் இருப்பவர் ஏறுவதற்குத் திணறினால், சட்டைக் கையை மடிக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலைப் பாருங்கள். அஞ்சனா செய்தது அது மட்டும்தான். எனக்கு அன்று வேறு எந்த உதவியும் தேவைப்படவில்லை.

அன்று என் எண்ணை வாங்கிக்கொண்ட அஞ்சனா, நேற்று மாலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். சரிவுப்பாதை, ஸ்டூல்கள், ஜெனரேட்டர், நாற்காலிப் படத்தின் மேல் அதே குப்பைக்கூடை. ராஜனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, கையிலிருந்த செல்போனின் கடைசித் திருகை முடுக்கினார்.

"சனிக்கிழமை கடையைப் பூட்டுவோம்" என்றார். "இந்தத் தடவை நாலு மணிக்கே போயிருவோம்."