கடைசியாக ஏறியவர்

வாஷர் என்ற பெயர் அவருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய சட்டைப் பைதான். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷன். எந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாலும் பையிலிருந்து நாலு வாஷர் விழும். ஒரு போல்ட்டுக்கு ஒரு வாஷர் போதும் என்று கம்பெனி சொன்னால், இவர் இரண்டு போடுவார். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்ல?" என்பார். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் அவர் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட ஒருநாளும் அறுந்து விழவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதிய தகட்டை ஒவ்வொரு லிஃப்டிலும் தன் கையாலேயே திருகி மாட்டுவார். எடை கூடினால் மணி அடிக்கும், கதவு மூடாது. உள்ளே நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே தவிர, யாரும் அசைய மாட்டார்கள். வாஷர் பக்கத்தில் இருந்தால் தயவு தாட்சண்யமே கிடையாது. "கடைசியா ஏறினவங்க இறங்குங்க!" ஒருமுறை ஒரு கட்டடத்தின் சொந்தக்காரரையே இறக்கி, ஏழு மாடியும் படியேற வைத்திருக்கிறார். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனைவியும் நூறாவது தடவையாகக் கேட்பதுபோல் இல்லாமல் கூடவே சிரிப்பாள்.

மனைவிக்குத் தையல் வேலை. நாற்காலி உறையும் திரைச்சீலையும் தைப்பாள். தாயில்லாமல் வளர்ந்தவள், அக்காதான் தூக்கி வளர்த்தது. அந்த அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன இடமோ மலையைத் தாண்டி, மணல் வெளியையும் தாண்டி, நாலு நாள் பயணத் தூரத்தில் இருந்தது. மலையடிவாரம் வரைக்கும்தான் பஸ். அதற்கப்பால் ரோடு என்று பேருக்கு ஒரு தடம். வாரத்துக்கு ஒரு லாரி உப்பும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அக்காவைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

வாஷர் ஓய்வு பெற்ற மாதம்தான் அந்த ஃபோன் வந்தது. அக்காவுக்குக் கண் நரம்பு வாடிக்கொண்டே வருகிறதாம். இருக்கிற பார்வை கூடிப்போனால் இரண்டு வருடம் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளால் பயணம் செய்ய முடியாது. அந்த ஊர் ஃபோனில் குரல் மட்டும்தான் வரும், படமெல்லாம் வராது.

"உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்டி. அப்புறம் இருட்டானா ஆகிட்டுப் போகுது," என்றாள் அக்கா.

மனைவி ஃபோனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மெஷின் ஓடவில்லை. வாஷருக்கு மனசு தாங்கவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். அந்த நிமிஷத்தில் அவர் சொன்னதில் துளி பொய் கிடையாது.

பத்தே நாளில் ஒரு பழைய ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஏதோ அணைக்கட்டு வேலைக்கு ஓடிக் களைத்தது, பதினேழு வயது. அவருடைய நண்பர் ஒருவர் வெல்டர், தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்பவர். அவர் வண்டிக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, டயர மாத்துங்க, ஆயில் மாத்துங்க, ஒரு ஸ்டெப்னி தூக்கிப் போடுங்க. நாளைக்கே கிளம்பலாம். இது கல்லு மாதிரி வண்டி."

கிளம்பியிருக்கலாம். அந்த வாரமே கிளம்பியிருக்கலாம். அதைத்தான் பிறகு எத்தனையோ தடவை அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஒரு ஸ்டெப்னி போதும் என்பதை வாஷரின் உடம்பே ஒத்துக்கொள்ளாது. மணலில் ஒரு டயர் வெடித்து, மாற்றியதும் வெடித்தால்? எனவே இரண்டு. இரண்டாவதை வைக்க மேலே இரும்பு கேரியர். கேரியர் வந்ததும் பாரம் கூடி வண்டி பின்னால் தாழ்ந்தது. ஸ்பிரிங் பட்டையைக் கனமாக மாற்றினார். வண்டி உயர்ந்தது. உயர்ந்த வண்டிக்குச் சின்னச் சக்கரம் நன்றாகவா இருக்கிறது? பெரிய சக்கரம் வந்தது. பெரிய சக்கரத்தை இழுக்க இன்ஜின் திணறியது, கியரை மாற்றினார். இப்போது டீசல் குடிக்கிற குடியில் பாதி வழிகூடப் போகாது என்று இன்னொரு டேங்க். டேங்க்கின் பாரத்துக்கு இன்னொரு ஸ்பிரிங் பட்டை. ஒரு வேலை முடிந்தால் அது இன்னொரு வேலையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தார்.

உள்ளே மடக்கும் கட்டில், இரண்டு பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, அடுப்புப் பலகை, பதினான்கு இழுப்பறை வைத்த மர அலமாரி. புதைந்தால் இழுக்க முன்னால் இரும்பு வடம் சுற்றிய உருளை. அது பழுதானால் என்ன செய்வது என்று கையால் இழுக்கிற ஒன்று பின்னால். மனைவி சீட்டு உறையும், மேலே மூடும் தார்ப்பாயும் தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்க வண்டியில் ஏறப் போனால் கால் எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறினாள்.

"இது வண்டியா, மாடி வீடா?" என்று கேட்டாள்.

"மணல்ல இறங்கினா அப்பத் தெரியும்," என்றார் பெருமையாக.

தெருவில் போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், முன் பம்பரில் ஆரம்பித்துப் பின் ஏணி வரைக்கும் ஒரு மணி நேரம் விடமாட்டார். பால்காரர் அவரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறிப் போக ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா ஃபோன் பண்ணுவாள். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். பிறகு அரிசியில் கல் தெரியவில்லை என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரே வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஏதோ தமாஷ் போலச் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே கேள்விதான்: "எப்ப கிளம்புறீங்க?"

"இன்னும் ஒரு வேலைதான் பாக்கியாம்க்கா," என்பாள் தங்கை.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "அந்த உப்பு லாரியிலயே போயிட்டு வந்துடலாமே? டிரைவர் பக்கத்துல ரெண்டு பேர் உக்காரலாமாம்."

வாஷருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "லாரியா? அதுக்கு முன் சக்கரம் இழுக்காது, தெரியுமா? மணல்ல புதைஞ்சா முடிஞ்சுது கதை. உன்னை அப்படி அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா உக்காந்திருப்பேனா?"

அந்த லாரி பல வருடமாக வாரம் தவறாமல் போய் வருகிறது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவள் மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் வாயெடுக்க முடியாது. அந்த அக்கறையேதான் இருபத்திரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

ஒருவழியாக வேலை முடிந்தது. டேங்க் இரண்டும் நிரம்பி, தொட்டி நிரம்பி, அலமாரி நிரம்பியது. இப்படி மாற்றிக் கட்டிய வண்டிக்கு எடைச் சீட்டு இல்லாமல் மலையடிவாரச் சாவடியில் விடமாட்டார்கள். எனவே கிளம்புகிற அன்று காலை நேராக எடைமேடைக்குப் போனார்கள். மனைவி புதுச் செருப்பு போட்டிருந்தாள். மடியில் அக்காவுக்காகத் தைத்த இரண்டு ரவிக்கை. கிளம்பும்போது முக்காலியில் கால் வைத்து அவள்தான் கடைசியாக ஏறினாள்.

எடைமேடைக்காரர் கண்ணாடிக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டாயிரத்து அறுநூத்துப் பத்துதான் அனுமதி. உங்களது ரெண்டாயிரத்து அறுநூத்து அறுபத்து நாலு. அம்பத்து நாலு கிலோ கூட."

"சரியாப் பாருங்க," என்றார் வாஷர்.

"மிஷின் என்ன பொய்யா சொல்லும்? அம்மா எத்தனை கிலோ?"

"அம்பத்தாறு," என்றாள் மனைவி.

"அப்ப அம்மா இறங்கிட்டா சரியாப் போச்சு!" என்று சொல்லி அவர் கடகடவென்று சிரித்தார். மனைவியும் சிரித்தாள். வாஷர் மட்டும் சிரிக்கவில்லை, நோட்டை எடுத்தார்.

எத்தனை ஆயிரம் தகடு மாட்டிய கை! தன் வண்டிக்கு மட்டும் ஒருநாள்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. மேடையை விட்டு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தண்ணிய ஒரு அறுபது லிட்டர் கொட்டிடுங்களேன்," என்றாள் மனைவி.

"மணல்ல மூணு நாள் நிக்க வேண்டி வந்தா?"

"ரெண்டாவது ஸ்டெப்னிய இறக்கிடலாம்."

"அது இல்லாம எப்படிம்மா?"

"பின்னாடி இருக்கிற அந்தக் கையால இழுக்கிறது?"

"முன்னாடி இருக்கிறது ரிப்பேரானா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே கோடு போடப் போன பென்சில் கோடு போடாமலே இறங்கிக்கொண்டு வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் வாஷரின் முகம் தெளிந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் முகம்.

"ஒண்ணு பண்ணலாம். நீ பஸ்ல மலையடிவாரம் வரைக்கும் வந்துடு. நான் வண்டிய மட்டும் எடை போட்டுச் சீட்டு வாங்கி, சாவடியைத் தாண்டிடுறேன். அந்தப் பக்கம் உன்னை ஏத்திக்கிறேன். என்ன சொல்ற?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்கு விளங்கியிருக்கும். அவள் கதவைத் திறந்து, முக்காலியைக் கீழே போடச் சொல்லாமலே, சீட்டைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கினாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. குனிந்து மாட்டிக்கொண்டாள்.

"கடைசியா ஏறினவ இறங்கணும். உங்க சட்டம் அதானே?" என்றாள்.

"ஏய், நான் என்ன சொன்னேன், நீ என்ன பேசுற?"

"நீங்க சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

எடைமேடையில் தங்கள் முறைக்காக லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நடுவில் பச்சை நிறத்தில் அந்த உப்பு லாரி. அவள் பையையும் ரவிக்கைப் பொட்டலத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக அதனிடம் போனாள். டிரைவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கதவைத் திறந்து கை கொடுத்தார். அதன் டயர்களில் மேடு பள்ளமெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருந்ததை வாஷர் பார்த்தார். ஓடிப் போய் நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது கூடவே ஏறியிருக்க வேண்டும். ஆனால் வண்டியைத் திறந்து போட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றுவிட்டார். லாரி மேடை ஏறி, எடை போட்டு, போயே போய்விட்டது.

அடுத்த நாள்கள் எப்படிப் போயின என்று அவருக்கே தெரியாது. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டாவது ஸ்டெப்னியை இறக்கினார். கேரியரை இறக்கினார். ஐம்பத்து நாலு கிலோ இறக்க வேண்டிய இடத்தில் இருநூறு கிலோ இறக்கிச் சுவரோரம் குவித்தார். எதை இறக்கும்போதும், இது இல்லாமல் போக முடியாது என்று முன்பு ஏன் தோன்றியது என்று புரியவில்லை. வெல்டர் வந்து குவியலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீர் வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மத்தியானம் ஃபோன் வந்தது. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வந்து சேந்துட்டேன்," என்றாள் மனைவி. "லாரி எங்கயும் நிக்கல."

"அக்கா?"

"பத்தொன்பது நாளாச்சாம். ரெண்டு கண்ணுமே. நீங்க பாவம் இவ்வளவு பாடுபட்டு வண்டி கட்டுறீங்களாம், மனசு சங்கடப்படக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லலையாம்." அழுகிறாள் என்று தெரிந்தது.

வாஷரின் கை தானாக நோட்டைப் புரட்டியது. இன்றிலிருந்து பத்தொன்பது நாள் பின்னால். அன்றைய தேதிக்கு எதிரே அவருடைய கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது: அலமாரி இழுப்பறை குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க, பதினான்கு காந்தப் பூட்டு. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஃபோன் கை மாறியது. "தம்பி," என்று அக்காவின் குரல். பழைய தெம்பு குறையாத குரல். "அழாதடின்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க எப்படி இருக்கீங்க? வண்டி பிரமாதமா வந்திருக்காமே!"

"ஆமா அண்ணி," என்றார்.

"வந்து நிக்கிறப்ப பாக்கலாம்னு ஆசையா இருந்தேன். போகுது விடுங்க. நீங்களே சொல்லுங்களேன், முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும். என்னென்ன வச்சிருக்கீங்க? எனக்கு என்ன வேலை, உக்காந்து கேக்கிறேன்."

இருபத்திரண்டு மாதத்தில் யாரும் அவரிடம் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. வாஷர் வண்டிக்குள் பார்த்தார். பக்கத்து சீட்டில் அவள் தைத்த உறை, ஒரு சுருக்கம்கூட விழாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"ரெண்டு சீட்டு இருக்கு அண்ணி," என்றார்.