பாபிலோன் கணக்கில் இருபது ஆண்டு

எனக்குப் பத்து வயதானபோது உலகம் முடிவதற்கு இரண்டே ஆண்டுகள் மிச்சமிருந்தன. இதைச் சொன்னவர் என் பெரியப்பா. அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நான் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதை நிறுத்தியிருந்தேன்.

பெரியப்பா கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில், டயர் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த ஒரு நீள அறையில், நாற்பது பேர் கூடும் சின்னச் சபையை நடத்தினார். எந்தப் பெரிய சபையோடும் சேராத சபை அது. நாங்கள் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். வாரம் தவறாமல் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போவோம்.

சபையின் சுவரில் பெரியப்பாவே வரைந்த ஒரு சார்ட் தொங்கியது. ஆறு மணிலா அட்டைகளை ஒட்டிச் செய்தது. பாபிலோன் அரசன் எருசலேமைப் பிடித்துக் கோயிலை எரித்து, யூதர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன ஆண்டில் அது தொடங்கும். அந்த ஆண்டு கி.மு. அறுநூற்று ஏழு என்று சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தார். பாரசீக அரசன் கோரேசு அவர்களை விடுவித்து ஊருக்கு அனுப்பியது ஐந்நூற்று முப்பத்தேழு. சிறையிருப்பு எழுபது ஆண்டு என்று எரேமியா தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். கூட்டினால் சரியாக வருகிறது. கோயிலைத் திரும்பக் கட்டிய காலம்வரைக்கும் ஆண்டுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார். அதற்கப்புறம் நீளமாக ஒரு கோடு ஓடி, இன்னும் சில பெருக்கல்களைக் கடந்து, கடைசி அட்டையின் ஓரத்தில் ஒரு தங்கநிறக் கட்டத்தில் முடியும். அந்தக் கட்டத்துக்குத்தான் இரண்டு ஆண்டு பாக்கி.

அந்த வருடம் அக்காவுக்குப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்தது. பள்ளியிலேயே முதல். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கு, மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கடிதமும் வந்தது. அடுத்த ஞாயிறு அக்கா சபையில் எழுந்து நின்று, தான் படிக்கப் போகவில்லை, மீதியிருக்கும் இரண்டு ஆண்டையும் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னாள். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். பெரியம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் சத்தமாக அல்லேலூயா சொன்னேன். அம்மா மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"போக மாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"படிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்மா. அப்புறம் எதுக்கு?"

"முடிஞ்சிரும்னு எதை வெச்சு சொல்ற?"

"சார்ட் இருக்கேம்மா."

"சரி," என்றாள் அம்மா. "அப்போ சார்ட்டைப் பாப்போம்."

அம்மா ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். டாக்டரின் அறையில் தடித்த கலைக்களஞ்சிய வரிசை ஒன்று இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் புரட்டி, எருசலேம் கோயில் எரிந்தது கி.மு. ஐந்நூற்று எண்பத்தேழு என்று எழுதிக்கொண்டு வந்தாள். பெரியப்பாவின் ஆண்டுக்கும் அதற்கும் இருபது ஆண்டு இடைவெளி. அன்று மாலையே பெரியப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அவர் குரல் கிரேன் மேலிருந்து பேசிப் பழகிய குரல் என்பதால் எனக்கும் கேட்டது.

"அது உலகத்தார் எழுதினதும்மா. எனக்கு வேதத்துல காட்டு."

"காட்டுறேன் மாமா," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் அழைப்பாள்.

பெரியம்மா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த வாரமே உறவுக்காரர் ஒருவர் மூலம் பேச்சு வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் வேதத்தையே கையால் தொட்டவள், இவள் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். அம்மா இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள். அந்தப் பேச்சைக் கேட்டபோது அவள் காதைத் தொட்டுத் தோட்டைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அம்மாவுக்கு ரோஷம். பெரியம்மாவின் வாயை அடைக்கத்தான் இத்தனையும். அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னையும் வேலையில் இறக்கினாள். வேதாகமத்தில் எழுபது என்ற சொல் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் குறித்துவைக்க வேண்டும். முன்பாதி அவளுக்கு. பழைய ஏற்பாட்டின் கடைசியிலிருந்து பின்னோக்கி வரவேண்டியது நான். கடைசியில் இருப்பவை சின்னச் சின்ன நூல்கள் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். அம்மா தன் பங்கைச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் இடையில் படித்தாள். அவள் நோட்டில் எழுபது பேரீச்சமரம் இருந்தது, எழுபது மூப்பர்கள் இருந்தார்கள், ஒரே ஆளுக்குப் பிறந்த எழுபது பிள்ளைகளும் இருந்தார்கள். ஒன்றும் உதவவில்லை. "வெள்ளிக்கிழமை வந்துரும், வெள்ளிக்கிழமை வந்துரும்" என்று மட்டும் அடிக்கடி முணுமுணுத்தாள். வெள்ளிக்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சகரியா தீர்க்கதரிசியின் ஏழாம் அதிகாரத்துக்கு வந்தேன். கோரேசுக்குப் பின் ஆண்ட பாரசீக அரசன் தரியுவின் நான்காம் ஆண்டு. ஊர் திரும்பிய ஜனங்களிடம் கர்த்தர் கேட்கிறார்: இந்த எழுபது வருடமும் ஐந்தாம் மாதத்தில் உபவாசம் இருந்தீர்களே, எனக்காகவா இருந்தீர்கள் என்று. வாசித்துக் காட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐந்தாம் மாசத்துலதான் கோயில் எரிஞ்சது," என்றாள். "அந்தத் துக்கத்துக்குத்தான் உபவாசம். எரிஞ்சு எழுபது வருஷம் ஆச்சுன்னு இங்கேயே சொல்லியிருக்கு."

எங்கள் சபையில் பெண்கள் எழுந்து கேள்வி கேட்கும் வழக்கமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் வாரம் ஒரு வசனத்தை முன்னால் நின்று ஒப்பிக்கலாம். மறுநாள் என் முறை இல்லை. இருந்தாலும் அம்மா என்னை முன்னால் அனுப்பினாள். நான் அந்த வசனத்தைத் தடுமாறாமல் ஒப்பித்தேன். பெரியப்பா மகிழ்ந்து தலையாட்டினார். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்.

"பெரியப்பா, கோயில் எரிஞ்சதிலேருந்து தரியுவோட நாலாவது வருஷம் வரைக்கும் உங்க சார்ட்டுல எத்தனை வருஷம்?"

"எண்ணிப் பாரேன்," என்று அவரே அடிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

நான் நாற்காலி மேல் ஏறி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினேன். எழுபதைத் தாண்டும்போது அறையில் சத்தம் அடங்கியது. எண்பத்தொன்பதில் தரியு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அடிக்கோலை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"யாரு சொல்லிக் குடுத்தது இந்தப் பிள்ளைக்கு?" என்றார் பெரியம்மா.

அம்மா எழுந்து நின்றாள். "நான்தான் அக்கா." உட்காரவில்லை. அப்பா அவள் புடவை நுனியை லேசாக இழுத்தார். அப்போதும் உட்காரவில்லை.

பெரியப்பா எல்லாரையும் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாட்டு முடிந்த பிறகும் அவர் அந்தப் பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மழையில் மோட்டார் சைக்கிளில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். சார்ட்டைச் சுருட்டிக் குப்பைப் பையில் நனையாமல் கட்டியிருந்தார். காப்பியைத் தொடாமல், சாப்பாட்டு மேசையில் அதை விரித்தார்.

"தரியுவோட வருஷத்தை முன்னாடி தள்ளிப் போட்டா?"

"கோரேசையும் தள்ளணும் மாமா. ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்களே பத்தொம்பது கட்டம் போட்டிருக்கீங்க."

"அப்போ சிறையிருப்பு அம்பது வருஷந்தானே வருது? எரேமியா எழுபதுன்னாரே."

"மொத கூட்டத்தைப் பிடிச்சிட்டுப் போனது கோயில் எரியறதுக்கு ரொம்ப முன்னாடிலா. அங்கேருந்து எண்ணுங்க."

பெரியப்பா வேதத்தைப் புரட்டி, அந்த ஆண்டைத் தேடிப் பிடித்து, விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு குறையுது," என்றார்.

"ரெண்டுதான் குறையுது. இருபது இல்லையே மாமா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கீழே தெருவில் யாரோ மோட்டாரை முடுக்கி, அணைத்து, மறுபடி முடுக்கினார்கள். ஒரு மனிதர் பத்தாண்டுகளாக நாற்பது பேரிடம் சொல்லிவந்ததைத் தன் தம்பி மனைவியின் மேசையில் விட்டுக்கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் காப்பியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் மார்க்கர் கேட்டார். சிவப்பு எண்ணை அடித்துவிட்டு மேலே ஐந்நூற்று எண்பத்தேழு என்று எழுதினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்னும் இருபத்திரண்டு வருஷம் கெடக்கும்மா. அத்தனை வருஷம் என்ன செய்யப் போற?"

அக்கா அழுதாள். ஏமாற்றத்திலா நிம்மதியிலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"போய்ப் படி," என்றார் பெரியப்பா. "ஊழியத்துக்குப் படிச்சவங்களும் வேணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அலமாரியிலிருந்து கல்லூரியின் ஒப்புதல் பாரத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று மேலே அச்சிட்டிருந்த அதில் எல்லாக் கட்டங்களும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. அவர் எப்போது போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டாள். வியாழன் காலை அம்மா கிளினிக்குக்குத் தாமதமாகப் போனாள். பாரத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறன்று பெரியப்பா சபையில் எல்லார் முன்னாலும், "கணக்குதான் தப்பு, வேதம் தப்பில்ல" என்றார். இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு வரவில்லை. பெரியம்மா அம்மாவோடு பேசப் பல மாதங்கள் ஆயின. அக்கா கல்லூரிக்குக் கிளம்பிய அன்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக வேன் இரவல் வாங்கி ஓட்டியவர் பெரியப்பாதான்.

பெரியப்பா தப்பை ஒப்புக்கொண்ட அந்த ஞாயிறு சபை முடிந்து ரயிலில் திரும்பும்போது நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷா ஆலம் நிலையம் தாண்டியிருந்தது. அம்மா கண்களை மூடியிருந்தாள். ஒரு வாரமாக அவள் தூங்கவே இல்லை என்று அப்பா சொன்னார். எனக்கு ஒரே ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கைப் போட்டவள் அவள்தானே.

"அம்மா, அப்போ இன்னும் இருபத்திரண்டு வருஷத்துல உலகம் நிஜமாவே முடிஞ்சிருமா?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"மொதல்ல அவ படிச்சு முடிச்சுட்டு வரட்டும்லா," என்றாள்.

ரயில் சத்தத்தில் நான் கேட்டது அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க, அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன்.